இணைப்பு ஒப்பந்தங்களும் அயல்நாட்டுப் போட்டிச் சட்டங்களும்: விழுப்புரம் விதைச் சந்தையை முன்வைத்து

திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்தில் தர்ப்பூசணிக்கு வீரிய ஒட்டு விதையைத்தான் பெரிதும் விதைக்கிறார்கள். அத்தகைய காய்கறி விதைகளை உலகெங்கும் விற்கும் நன்ஹெம்ஸ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் பேயர் நிறுவனத்திடமிருந்து பாஸ்ஃப் நிறுவனத்தின் கைக்கு மாறியது. பேயர் விரும்பி விற்ற தொழில் அல்ல அது. மான்சான்டோ விதை நிறுவனத்தை வாங்க வேண்டுமானால் அதை விட்டுத்தர வேண்டும் என்று பிரசெல்ஸ் கேட்டது, வாஷிங்டன் கேட்டது, டெல்லியும் கேட்டது. இரு நிறுவனங்கள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் மூன்றாம் நாட்டின் சட்டம் எப்படி உள்ளே வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அமெரிக்காவில் 1976-இன் ஹார்ட்–ஸ்காட்–ரோடினோ சட்டம், இணைப்புக்கு முன்பே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. ஐரோப்பாவின் இணைப்பு ஒழுங்குமுறை 1989-இல் பிறந்தது. இந்தியா அப்போது எதிர்த்திசையில் நடந்தது. 1969-இன் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தில் இருந்த இணைப்புக் கட்டுப்பாடுகளை 1991-இல் நீக்கிவிட்டது. ஹரிதாஸ் எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னொரு குறையையும் காட்டியது: வெளிநாட்டில் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின்மீது அந்தப் பழைய சட்டத்தின் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை. 2002-இன் போட்டிச் சட்டத்தில் 32-ஆம் பிரிவு இந்த இடைவெளியை அடைத்தது. செயல் எங்கு நடந்தாலும், போட்டியைக் கெடுக்கும் விளைவு இந்தியச் சந்தையில் இருந்தால் விசாரிக்கலாம் என்றானது. ஆயினும் இணைப்புகள் பற்றிய பிரிவுகள் 2011 ஜூன் 1-இல்தான் நடைமுறைக்கு வந்தன.

இந்திய நிறுவனங்களும் அயல்நாட்டு ஆணையத்தின் முன் நிற்க நேர்ந்தது. 2014-இல் அறிவிக்கப்பட்ட சன் பார்மா–ரான்பாக்ஸி மருந்து நிறுவனங்களின் இணைப்பு டெல்லியின் நிபந்தனைகளோடு மட்டும் முடிந்துவிடவில்லை. 2015 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் மினோசைக்ளின் மாத்திரைத் தொழிலையும் விற்கச் சொன்னது. திண்டிவனத்துக்கு வடக்கே, மதுராந்தகம் அருகே சன் பார்மாவுக்கு ஒரு மருந்து மூலப்பொருள் ஆலை உண்டு என்பதால் இப்பகுதிக்கு அந்தச் செய்தி தொலைவானதல்ல.

பேயர்–மான்சான்டோ ஒப்பந்தமோ இந்த வரலாற்றின் முழு உருவத்தையும் காட்டுகிறது. 2016 செப்டம்பர் 14-இல் கையெழுத்தானது. பங்குக்கு 128 டாலர், கடனும் சேர்த்து 6,600 கோடி டாலர். அனுமதி கிடைக்காமல் போனால் பேயர் 200 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்திலேயே இருந்தது. சுமார் முப்பது நாடுகளின் அனுமதி தேவைப்பட்டது. ஆண்டு விற்பனையில் சுமார் 160 கோடி டாலர் மதிப்புள்ள தொழில்களை விற்கவே பேயர் முதலில் உடன்பட்டிருந்தது. இறுதியில் பாஸ்ஃபுக்குப் போனதோ 220 கோடி யூரோ ஆண்டு விற்பனை உள்ள தொழில்கள். விலை 760 கோடி யூரோ வரை. கையெழுத்திட்டவர்கள் வகுத்த வரம்பு அயல்நாட்டு ஆணையங்களின் முன் நிற்கவில்லை. ஒப்பந்தத்தின் கடைசிக் கெடு 2018 ஜூன் 14. அதைத் தாண்டினால் மான்சான்டோ விலகிக்கொள்ளலாம். ஐரோப்பிய ஆணையம் மார்ச் 21-இலும் அமெரிக்க நீதித்துறை மே 29-இலும் இசைவு தர, ஜூன் 7-இல் கைமாற்றம் முடிந்தது, கெடுவுக்கு ஒரே வாரம் முன்பாக! அதன் பிறகும், பாஸ்ஃபுக்கான விற்பனை முடியும்வரை இரு நிறுவனங்களையும் ஒன்றாக நடத்தக்கூடாது என்று அமெரிக்கா தடுத்து வைத்தது.

டெல்லியின் நிபந்தனைகளை இங்கு பலர் கவனிக்கவில்லை. எனக்கு அவையே முக்கியமாகப் படுகின்றன. மஹிகோ விதை நிறுவனத்தில் மான்சான்டோ வைத்திருந்த 26 விழுக்காடு பங்கை விற்க வேண்டியிருந்தது. மரபணுப் பண்புகளுக்கான உரிமத்தை ஏழு ஆண்டுகளுக்கு நியாயமான, பாகுபாடற்ற முறையில் பிற விதை நிறுவனங்களுக்கும் தர வேண்டியிருந்தது. இந்தியாவில் பருத்தி விதைச் சந்தை இருக்கும் நிலைமையைப் பிரசெல்ஸ் நமக்காகப் பார்த்திருக்காது. அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த சின்னசேலம், கள்ளக்குறிச்சி பகுதிகளின் பருத்தி, மக்காச்சோள விவசாயிகளை நேரடியாகத் தொட்ட விதிகள் இவை.

மல்லாட்டையின் (நிலக்கடலையின்) கதை வேறு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 (1940), டி.எம்.வி. 7 (1967) இரகங்கள் பொதுச்சொத்து. தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர் என்பதால் விவசாயி அறுவடையிலிருந்தே விதை எடுத்து வைக்கலாம். எந்த இணைப்பும் அதன் உரிமையாளரை மாற்ற முடியாது. போட்டிச் சட்டத்தைவிட வலுவான காப்பு இதுவே என்பது என் துணிபு. ஆனால் தர்ப்பூசணிக்கும் மக்காச்சோளத்துக்கும் அந்தக் காப்பு இல்லை.

2023-இன் திருத்தம், இந்தியாவில் கணிசமான தொழில் உள்ள நிறுவனத்தை 2,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தத்தின் மூலம் வாங்கினாலே இந்தியப் போட்டி ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது. அதே திருத்தம் விசாரணைக்கான காலத்தை 210 நாளிலிருந்து 150 நாளாகக் குறைத்தது. ஆழமான விசாரணைக்குப் போகும் இணைப்புகளில் மக்களின் கருத்தைக் கேட்க 29-ஆம் பிரிவு வழிவிடுகிறது. பேயர் வழக்கிலும் ஆணையம் கேட்டது. கால அவகாசம் சுருங்கிய பிறகு, விதை நிறுவன இணைப்புகள் பற்றி மக்களின் கருத்தைக் கேட்கும் அறிவிப்பு தமிழில், விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் அறிவிப்புப் பலகைக்கு முதல் நாளே வந்தாக வேண்டும்.