எல்லைநிலை ஆளுமைக் கோளாறு: வரையறையின் வரலாறும் அதில் விடுபட்ட முகங்களும்

1938-இல் நியூயார்க் உளப்பகுப்பாய்வாளர் அடால்ஃப் ஸ்டெர்ன் வெளியிட்ட ஒரு கட்டுரை, அன்றைய மனமருத்துவத்தின் இரு பெரும் பிரிவுகளிலும் அடங்காத நோயாளிகளைப் பற்றியது. யதார்த்தத்தோடு தொடர்பு அறாத நியூரோசிஸ் ஒரு பக்கம், அது அறுந்துபோன சைக்கோசிஸ் மறுபக்கம் என்று பிரித்துவந்த காலம் அது. ஸ்டெர்னிடம் வந்த இவர்களோ இரண்டுக்கும் நடுவே நின்றார்கள். வழக்கமான சிகிச்சை இவர்களிடம் பலிக்கவில்லை. மிகச் சிறிய புறக்கணிப்பும் ஆழமாகக் காயப்படுத்திவிடும் இயல்பு உட்படப் பத்துக் கூறுகளை அவர் பட்டியலிட்டார். எல்லைநிலை ஆளுமைக் கோளாறு (பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்) என்று இன்று அறியப்படுவதன் வரலாற்றைப் பலரும் இங்கிருந்தே தொடங்குகிறார்கள்.

ஆளுக்கு ஆள் வேறாகத் தோன்றுவது இந்த நோயின் இயல்பு. ஆனால் அத்தோற்றங்களில் எது ‘அசல்’ என்று கொள்ளப்பட்டது என்பதை, எந்த நோயாளிகள் மருத்துவரின் கண்ணில் பட்டார்கள் என்பதே பெரிதும் தீர்மானித்தது என்பது என் வாதம்.

இதற்கு முதல் சான்று உளப்பகுப்பாய்வாளர் ஹெலன் டாய்ச். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியாத, பழகுபவரின் கருத்தையும் நடத்தையையும் அப்படியே ஏற்று வாழ்கிற, உள்ளே வெறுமையாக இருக்கிற மனிதர்களை அவர் 1942-இல் விவரித்தார். சத்தம் இல்லை, கலகம் இல்லை. ஆக, இக்கோளாறின் அமைதியான முகம் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டது. 1967-இல் ஆட்டோ கெர்ன்பெர்க், மனிதரை முழுக்க நல்லவராகவோ முழுக்கக் கெட்டவராகவோ மட்டுமே காணும் மனப்பிளவை மையமாக்கினார். அடுத்த ஆண்டு சிகாகோவில் ராய் கிரிங்கர் குழுவினர், மருத்துவமனையில் இருந்த 51 நோயாளிகளின் அன்றாட நடத்தையைக் கவனித்து எழுதிய நூல் வந்தது. நோயாளிகள் நான்கு குழுக்களாகப் பிரிந்தார்கள். அவற்றில் ஒன்று, டாய்ச் கண்ட அதே அடங்கிய, பிறரைப் பார்த்து ஒழுகும் மனிதர்கள்தாம். கருத்தியலைவிடக் கவனிப்புக்கு முதலிடம் தந்த அந்நூலுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

1975-இல் ஜான் கண்டர்சனும் மார்கரெட் சிங்கரும் சிதறிக்கிடந்த விவரிப்புகளைத் தொகுத்தார்கள். 1980-இல் அமெரிக்க மனமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-இன் மூன்றாம் பதிப்பு இதை முறையான நோயாக ஏற்றது. எட்டு அளவுகோல்களில் ஏதேனும் ஐந்து இருந்தால் போதும் என்பது விதி. 1994-இல் ஒன்பதாவது சேர்ந்தது: மன அழுத்த நேரத்தில் தலைதூக்கும் சந்தேகம் அல்லது தன்னிலிருந்தே விலகி நிற்கும் உணர்வு. ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் 256 சேர்க்கைகள் சாத்தியம். இரு நோயாளிகளுக்குப் பொதுவாக ஒரே ஓர் அறிகுறி மட்டும் இருக்கலாம்.

இது வெறும் கணக்கு அல்ல. ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். நெருங்கிய தோழிக்கு அனுப்பிய செய்திக்கு மாலைவரை பதில் இல்லை. ஒருத்தி திரும்பத் திரும்ப அழைக்கிறாள், கத்துகிறாள், இரவில் தன் கையையே காயப்படுத்திக்கொள்கிறாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்வதில்லை. தான் யாருக்கும் வேண்டாதவள் என்று முடிவுகட்டி, அந்த எண்ணையே அழித்துவிட்டு மறுநாள் சிரித்த முகத்தோடு அலுவலகம் போகிறாள். கைவிடப்படுவோம் என்ற அச்சம் இருவருக்கும் ஒன்றே. அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்து சேர்பவள் முதலாமவள்தான். ஆய்வுகளில் இடம்பெறுபவளும் அவளே.

உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) சிகிச்சை இத்துறையின் பெரும் திருப்பம். தொடர்ந்து தம்மைக் காயப்படுத்திக்கொண்ட பெண்களிடையே அது பலன் தந்ததை அவருடைய 1991 ஆய்வு காட்டியது. பதினேழு வயதில் தானே கடும் நிலையில் மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011-இல் அவர் பொதுவெளியில் சொன்னது பலருக்குத் துணிவூட்டியது. எனினும், ஆய்வுகள் இத்தகைய பெண்களையே சுற்றிவந்ததால் நோயின் பொதுச்சித்திரமும் அவர்களுடையதாகவே ஆகிப்போனது. நோயறியப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள் என்றே டி.எஸ்.எம். நான்காம் பதிப்பு குறிப்பிட்டது.

2008-இல் வெளியான அமெரிக்க மக்கள்தொகை ஆய்வு இதை அசைத்தது. ஏறத்தாழ 35,000 பேரிடம் வீட்டிலேயே நடத்திய நேர்காணல்களில் ஆண் பெண் வேறுபாடு அநேகமாக இல்லை. நோய் வீதமாக அது சொன்ன 5.9 சதவீதம் மிகை என்று பின்னர் வந்த மறுபகுப்பாய்வு கூறியது. ஆனால் அதிலும் இருபாலருக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை. அப்படியானால் ஆண்கள் எங்கே போனார்கள்? குடி, போதைச் சிகிச்சை மையங்களிலும் சிறைகளிலும், பெரும்பாலும் வேறு நோய்ப்பெயர்களின் கீழ். 2022-இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 ஆளுமைக் கோளாறுகளைத் தீவிரத்தின் அடிப்படையில் வகுக்கிறது. எல்லைநிலைப் போக்கை ஒரு கூடுதல் குறிப்பாக மட்டும் வைத்திருக்கிறது. நல்ல நகர்வுதான், ஆனால் யாரைத் தேடிப்போகிறோம் என்ற கேள்வி அதனால் தீராது.

ஒரே மனிதரிடமும் முகம் மாறும். மாசசூசெட்ஸ் மாநிலத்து மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனாரினி குழுவினர் 290 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டுகளில் 93 சதவீதத்தினருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது நோய்க்குறிகள் தணிந்திருந்தன. தீராத நோய் என்ற நெடுநாள் நம்பிக்கையை உடைத்த செய்தி இது. ஆனால் வேலையும் உறவும் சேர்ந்து சீரானவர்கள் பாதிப் பேர் மட்டுமே. தற்காயமும் தற்கொலை முயற்சியும் விரைவில் அடங்கின. வெறுமையும் கோபமும் தனிமையைத் தாங்க முடியாமையும் நெடுங்காலம் நீடித்தன. அளவுகோலின்படி நோயாளி அல்லாமல் ஆன பிறகும், டாய்ச் எழுதிய அந்த அமைதியான மனிதரின் நிலையிலேயே இவர்களில் பலர் வாழ்கிறார்கள். அவர்களுக்கான சிகிச்சை பற்றிய ஆய்வுகள் இன்றும் மிகக் குறைவு.