செக்ரோலும் கணினியும்: ஊவாத் தோட்டக் கூலி விதிகள்

பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களின் வரலாற்றை ஆராயப் புகுவோர் செக்ரோல் எனும் பதிவேட்டையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். பறித்த கொழுந்து விதித்த நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர்; எட்டினால் முழுப்பேர்; மிஞ்சினால் மேலதிகக் கொடுப்பனவு. நிபந்தனையும் விளைவுமாய் அமைந்த இத்தகையவற்றையே கணினியியலார் வணிக விதிகள் என்பர்.

இவ்விதிகள் நிலைத்து நின்றவையல்ல. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்கீழ் மலைநாடு, இடைநாடு, கீழ்நாடு எனவும், ஆண், பெண், சிறுவர் எனவும் கூலி வேறுபட்டது. 1984இல் பெண்களுக்குச் சம சம்பளம் கிடைத்தது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று.

இக்கணக்கைக் கணினியில் ஏற்றுமிடத்து, விதி மாறுந்தோறும் செய்நிரல் முழுவதையும் திருத்துவது பிழைக்கு இடமளிக்கும். ஆதலின் விதிகளைச் செய்நிரலினின்றும் பிரித்து வைப்பர். 2001இல் அமெரிக்காவின் யூட்டாவிற் கூடிய 17 மென்பொருளாளர் வகுத்த அஜைல் கொள்கையோ, சிறுசிறு பகுதிகளாக ஆக்கி, பயன்படுத்துவோரிடம் காட்டித் திருத்துமாறு கூறுகின்றது.

ஈண்டுப் பயன்படுத்துவோர் யாவர்? தோட்டக் காரியாலய எழுதுவினைஞர் மட்டுமல்லர். அரைப்பேரால் அரைநாட் கூலியை இழக்கும் தொழிலாளருமாவர். எனவே ஒவ்வொரு விதியும் தமிழில் எழுதப்பெற்று, பிரட்டுக்களத்திற் படித்துக் காட்டப்பெற்று, சென்ற மாதக் கணக்கோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பெறுதல் வேண்டும். ஆங்கிலச் செக்ரோலைத் தொழிலாளர் படிக்க இயலாதிருந்த நிலை கணினியிலும் தொடருமாயின், ஏடு மாறியதேயன்றி வரலாறு மாறவில்லை என்பதே எமது துணிபு.