முயலின் கண் நோய்: கண்ணுக்கு அப்பால் தேட வேண்டிய காரணங்கள்

வீட்டில் வளரும் முயலின் ஒரு கண்ணோரத்தில் வெள்ளையாகப் பீளை தேங்குகிறது. கன்னத்து ரோமம் நனைந்து திரிதிரியாக ஒட்டிக்கொள்கிறது. வளர்ப்பவர் வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுகிறார். நாலைந்து நாளில் பீளை குறைகிறது. மருந்தை நிறுத்தியதும் மறுபடி வருகிறது. அடுத்து இன்னொரு மருந்து, பிறகு மற்றொன்று. இதற்கிடையில் முயல் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லை ஒதுக்கி, மென்மையான தீவனத்தை மட்டும் பொறுக்கித் தின்னத் தொடங்கியிருக்கும். கண்ணுக்கும் தீனிக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றுவதில்லை.

அந்த முடிச்சைப் பற்றியதே இக்கட்டுரை. முயலின் கண்ணில் தெரியும் கோளாறுக்கான காரணம் பல நேரங்களில் கண்ணுக்குள் இருப்பதில்லை. பல்வேரில் இருக்கலாம், மார்புக்குள் இருக்கலாம், காதில் இருக்கலாம். பிறப்பதற்கு முன்பே தொற்றிய ஓர் ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். ஆகவே கண்ணைத் தனி உறுப்பாகக் கருதிச் செய்யும் சிகிச்சை நோயைத் தாமதப்படுத்துகிறதே தவிரத் தீர்ப்பதில்லை. வாய், மூக்கு, காது, மார்பு ஆகியவற்றின் பரிசோதனை முதல் சந்திப்பிலேயே தொடங்க வேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

ஆய்வகம் பார்த்த கண்

முயலின் கண்ணை அறிவியல் நெடுங்காலமாக உற்றுப் பார்த்திருக்கிறது. 1944-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த ஜான் டிரைஸும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட சோதனை முறையில், வேதிப்பொருள்களை வெள்ளை முயல்களின் கண்ணில் இட்டு, சிவப்பு, வீக்கம், கருவிழிப்படலத்தின் மங்கல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் தந்தார்கள். அழகுசாதனப் பொருள்கள் பலவும் பல பத்தாண்டுகள் இப்படித்தான் சோதிக்கப்பட்டன. அழகுசாதனங்களுக்கான விலங்குச் சோதனையை இந்தியா 2014-இல் தடை செய்தது.

இந்த வரலாற்றுக்கு ஒரு விளைவு உண்டு. ஆய்வகத்து முயல் இளமையானது, நோயற்றது, குறுகிய காலமே வைத்திருக்கப்படுவது. வேதிப்பொருள் பட்டால் அதன் கண் எப்படிச் சிவக்கும் என்பது நுணுக்கமாகத் தெரிந்தது. எட்டு, பத்து ஆண்டு வாழும் வீட்டு முயலுக்கு வரும் நோய்கள் வேறு. பல்வேர் நீள்வதற்கு மாதங்களோ ஆண்டுகளோ ஆகும். மார்புக் கட்டி நடுவயதைக் கடந்த முயல்களிலேயே பெரும்பாலும் தெரியவரும். ஆய்வகத்தின் அறிவு இந்த இடங்களில் கைகொடுப்பதில்லை.

நாய், பூனைக்கான அளவுகோல்களும் அப்படியே பொருந்துவதில்லை. இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஒரு நிமிடத்தில் ஊறும் கண்ணீரை அளக்கும் சோதனையில், நாய்க்கு 15 மில்லிமீட்டருக்கு மேல் வருவது இயல்பு. ஆரோக்கியமான முயலுக்குச் சராசரி 5 மில்லிமீட்டர் அளவில்தான் வரும். முயல் ஒரு மணி நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு முறையே இமைக்கும். இதை அறியாதவர் நலமான கண்ணையும் வறண்ட கண் என்று எழுதிவிடக்கூடும்.

கண்ணீர் போகும் வழி

மனிதக் கண்ணில் கண்ணீர் வடிவதற்கு மேலிமையில் ஒன்று, கீழிமையில் ஒன்று என இரண்டு துளைகள் உண்டு. முயலுக்குக் கீழிமையில் ஒன்றே ஒன்று. அங்கிருந்து புறப்படும் குழாய் எலும்புக்குள் புகுந்து, இரண்டு இடங்களில் வளைந்து குறுகி, மூக்குத் துவாரத்தில் முடிகிறது. அந்தக் குறுகல்கள் அமைந்த இடங்கள்தான் சிக்கலுக்குக் காரணம். ஒன்று மேல்தாடைக் கடைவாய்ப் பற்களுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. மற்றது மேல் முன்பல்லின் வேரை ஒட்டி இருக்கிறது.

முயலின் 28 பற்களும் ஆயுள் முழுதும் வளர்பவை. மேல் முன்பல் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். நாரும் மணற்சத்தும் நிறைந்த புல்லைப் பக்கவாட்டில் அரைத்து மென்றால்தான் வளர்ச்சிக்கு ஈடாகத் தேய்மானம் நடக்கும். கேரட், முட்டைக்கோஸ், பெல்லட் தீவனம் ஆகியவற்றை நசுக்கினால் போதும், அரைக்க வேண்டியதில்லை. தேயாத பல் மேலே நீண்டு எதிர்ப்பல்லில் முட்டும். அதற்கு மேல் போக இடமில்லாதபோது அழுத்தம் வேர்ப்பக்கம் திரும்பி, வேர் எலும்புக்குள் ஏறும். ஏறிய வேர் கண்ணீர்க் குழாயை நெருக்க, தேங்கிய கண்ணீரில் கிருமி பெருகும். வளர்ப்பவர் கண்ணோரத்தில் துடைத்தெடுக்கும் வெள்ளைப் பீளை அங்கிருந்து வருவது. குட்டை முகத்துக்காகவே இனவிருத்தி செய்யப்பட்ட குள்ள முயல்களில் தாடையே பொருந்தாமல் பிறப்பதால், நல்ல புல் தின்றாலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை.

கண்ணீர்ப்பை அழற்சியோடு வந்த 28 முயல்களைப் பற்றி 2009-இல் வெளியான சூரிச் ஆய்வொன்று இங்கே முக்கியமானது. அவற்றில் பாதிக்குப் பல் கோளாறு இருந்தது. பெரும்பாலானவற்றில் ஒரு கண் மட்டுமே பாதிக்கப்பட்டிருந்தது.

குழாயைக் கழுவும் சிகிச்சையை அருகிலிருந்து பார்த்தால் இந்த வழி கண்முன் விரியும். கண்ணில் மரப்பு மருந்து சொட்டி, முயலைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள். மருத்துவர் கீழிமையை மெல்ல இழுக்கிறார். மூக்குப் பக்க மூலையில் சிறு பிளவு ஒன்று வாய் திறக்கிறது. அதில் மெல்லிய மழுங்கிய குழாயைச் செருகி, சலைனைத் துளித்துளியாகச் செலுத்துகிறார். அடைப்பு இருந்தால் நீர் கண் பக்கமே திரும்பும். விடாமல் மெதுவாகத் தொடர்ந்தால், மூக்கின் அந்தப் பக்கத் துவாரத்தில் முதலில் வெள்ளைக் கட்டிகள் வரும், பிறகு கலங்கல் நீர், கடைசியில் தெளிந்த நீர். எத்தனை முறை கழுவியும் நீர் மூக்குக்கு வரவில்லையென்றால் அதுவே ஒரு தகவல்: குழாயை ஏதோ வெளியிலிருந்து நெருக்குகிறது. வேகமாகச் செலுத்தினால் குழாய் கிழியும். ஆகவே அடுத்த படி கூடுதல் அழுத்தமன்று. மண்டையோட்டு எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன்.

பிதுங்கும் கண்

கண் முன்னே தள்ளிக்கொண்டு வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா?

ஒரு கண் மட்டும் பிதுங்கினால் கண்குழியில் சீழ்க்கட்டி இருக்கக்கூடும். மேல்தாடைக் கடைசிப் பற்களின் வேர்கள் கண்குழியின் அடித்தளத்தை ஒட்டியே இருப்பதால், வேரில் பிடித்த சீழ் கண்ணுக்குப் பின்னால் திரள்கிறது. முயலின் சீழ் நீராக ஓடாது. பற்பசை போல் கெட்டியாக இருக்கும். ஊசியால் உறிஞ்சவோ வடிகுழாய் வைத்து இறக்கவோ முடியாது. கெட்ட பல்லைப் பிடுங்கி, கட்டியின் உறையோடு சுரண்டி எடுத்து, வாரக்கணக்கில் மருந்து தொடர வேண்டும். சில முயல்களில் கண்ணையே அகற்ற நேர்கிறது. கண்குழியில் அகன்ற சிரை வலை இருப்பதால் அந்த அறுவையில் ரத்தப்போக்குக்கான ஆபத்து அதிகம். முயல் அறுவையில் பழகிய கை தேவை.

இரண்டு கண்ணும் சேர்ந்து பிதுங்கினால் மருத்துவரின் பார்வை மார்புக்கு இறங்க வேண்டும். வளர்ந்த முயலிலும் தைமஸ் சுரப்பி மறைந்துவிடுவதில்லை. அதில் கட்டி உண்டானால், தலையிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் பெருஞ்சிரையை அது அழுத்தும். திரும்பிப் போக வழியில்லாத ரத்தம் கண்குழிச் சிரைகளில் தேங்கி, கண்களை முன்னே தள்ளும். தலையைத் தாழ்த்திப் பிடித்தால் பிதுக்கம் கூடுவது இதற்கான அறிகுறி. இப்படி ஒரு முயலுக்குச் சொட்டு மருந்து எத்தனை நாள் போட்டாலும் பயனில்லை. மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்தால் திசை தெரிந்துவிடும்.

கருமணிக்குள் வெண்கட்டி

முயல் இளையது, ஓடியாடித் திரிகிறது, நன்றாகத் தின்கிறது. ஆனால் ஒரு கண்ணின் கருமணிப் பகுதியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு கட்டி தெரிகிறது. இத்தகைய கண்ணில் முதலில் ஐயப்பட வேண்டியது என்செபாலிட்டோசூன் குனிகுலி என்ற நுண்ணொட்டுண்ணி. பக்கவாதம் கண்ட முயல்களில் ரைட், கிரெய்க்ஹெட் இருவரும் 1922-இல் இதை விவரித்தார்கள். அடுத்த ஆண்டு லெவாடிட்டியின் குழு பெயர் சூட்டியது. பூஞ்சைக்கு நெருங்கிய உறவுள்ள உயிராக இன்று கருதப்படுகிறது.

தாயின் வயிற்றில் லென்ஸ் உருவாகிக்கொண்டிருக்கும்போதே இது உள்ளே புகுந்துவிடுகிறது. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து லென்ஸின் உறை வெடிக்கிறது. வெளியே கசியும் லென்ஸ் புரதத்தை உடல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்க, அழற்சியும் வெண்கட்டியும் உண்டாகின்றன. பார்வைக்கு இதுபோலவே தோன்றும் இன்னொரு நோயும் உண்டு: பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியா உண்டாக்கும் சீழ்க்கட்டி. இரண்டுக்கும் மருந்து வேறு.

ரத்தப் பரிசோதனையும் இங்கே எளிதில் விடை தராது. எதிர்ப்புப் புரதம் இருப்பது முயல் எப்போதோ இந்த ஒட்டுண்ணியைச் சந்தித்தது என்பதை மட்டும் காட்டும். நோயற்ற முயல்கள் பலவற்றிலும் அது இருக்கும். புரதம் இல்லாவிட்டால் இந்த நோய்க்கான வாய்ப்புக் குறைவு என்று கொள்ளலாம். ஃபென்பெண்டசோல் 28 நாள் கொடுப்பது வழக்கம். அழற்சியைத் தணிக்கத் தனி மருந்து வேண்டும். வசதியுள்ள இடங்களில் லென்ஸை அகற்றுகிறார்கள். இதே ஒட்டுண்ணி மூளையைத் தாக்கினால் தலை சாயும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். எனவே கண்ணில் இதைக் கண்ட மருத்துவர் முயலின் நடையையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் சேர்த்துப் பார்க்கிறார்.

எதிர்வாதமும் எல்லையும்

கண்ணோடு நின்றுவிடும் நோய்களே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. உலர்புல்லின் கூரிய தாள் குத்திக் கருவிழிப்படலத்தில் புண்ணாவது அன்றாடம் நிகழ்வது. ஃப்ளூரசீன் சாயம் சொட்டி நீல ஒளியில் பார்த்தால், புண் பட்ட இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். கண்ணின் வெண்படலம் வளையமாகக் கருவிழியின் மேல் வளர்ந்து பார்வையை மூடும் நோய் முயலுக்கே உரியது. வெட்டியெடுத்தாலும் பல நேரம் மீண்டும் வளரும். சூரிச் ஆய்வின் 28 முயல்களிலும் பத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆனால் புண்ணிலும் அடுத்த கேள்வி உண்டு. காதின் உட்பகுதியில் தொற்று ஏற்பட்டு முகநரம்பு செயலிழந்தால் இமை மூடாது. மூடாத கண்ணில் புண் ஆறாது. சுத்தம் செய்யாத கூண்டில் சிறுநீரின் அம்மோனியா நெடி கண்ணை அரிக்கும். இரண்டு கண்ணிமையும் தடித்து வீங்கிச் சீழ் வடிந்தால், ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மிக்சோமடோசிஸை நினைக்க வேண்டும். மான்டிவிடியோவில் சனரெல்லி 1896-இல் கண்ட அந்த வைரஸ் நோயைக் கொசுவும் தெள்ளும் பரப்புகின்றன. பிரிட்டனில் தடுப்பூசி உண்டு. ஆஸ்திரேலியாவில் வீட்டு முயலுக்கு அதற்கு அனுமதியில்லை.

கண்ணை இடுக்குவதுகூடக் கண் வலிதான் என்று சொல்லிவிட முடியாது. முயலின் முகத்தில் வலியை அளக்கும் ஓர் அளவுகோல் 2012-இல் வெளியானது. காதில் பச்சை குத்தப்பட்ட முயல்களைப் படமெடுத்து, கண் இடுங்கல், கன்னம் தட்டையாதல், மூக்கு, மீசை, காது ஆகியவற்றின் மாற்றம் என ஐந்து குறிகளை அதில் வகுத்தார்கள். காதில் ஊசி ஏறியபோது கண் இடுங்கியது.

மருந்தும் வீடும்

தவறான மருந்தின் விலை முயலில் அதிகம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து, புண் உள்ள கண்ணில் ஆறுதலைத் தடுத்துத் துளையிடும் நிலைவரை கொண்டுபோகும். கண்ணில் இட்டாலும் உடலின் எதிர்ப்பாற்றலை அது தாழ்த்தக்கூடும். வாய்வழி அமாக்சிசிலின், கிளிண்டமைசின் போன்றவை குடலின் நல்ல பாக்டீரியாவை அழித்து, உயிர்பறிக்கும் நஞ்சேற்றத்தில் முடியலாம். பல முயல்களின் ரத்தத்தில் அட்ரோபினைச் சிதைக்கும் நொதி இருப்பதால் அந்த மருந்து எதிர்பார்த்தபடி வேலை செய்வதில்லை. வீட்டில் மிச்சமிருக்கும் மனித மருந்தையோ நாய் மருந்தையோ முயலுக்குப் போடக் கூடாது என்பதற்கு இவையே காரணங்கள்.

வளர்ப்பவரின் பங்கு மருந்து தேர்வதில் இல்லை. பார்த்துச் சொல்வதில் இருக்கிறது. பீளை நீராக வருகிறதா, பால் வெள்ளையா? ஒரு கண்ணா, இரண்டுமா? புல்லை விட்டு மென்மையானதை மட்டும் தின்கிறதா? மோவாய் எச்சிலில் நனைந்திருக்கிறதா? புழுக்கை சிறுத்திருக்கிறதா, எண்ணிக்கையில் குறைந்திருக்கிறதா? சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடுத்த எடை இறங்கிக்கொண்டே போகிறதா? இவற்றை நாளோடு குறித்துவைத்துக் காட்டினால், மருத்துவர் முதல் சந்திப்பிலேயே வாயைத் திறந்து பார்ப்பார். அரை நாள் எதுவும் தின்னாத முயலுக்குக் கண்ணைவிடக் குடல் அவசரம். குடல் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கண் இழக்க நேர்ந்தாலும் முயலின் வாழ்வு அதோடு முடிவதில்லை. வலி நீங்கியதும் தீனிக்குத் திரும்புகிறது. தட்டையும் தண்ணீரையும் மறைவிடத்தையும் இடம் மாற்றாமல் வைத்தால், மோப்பத்தாலும் மீசையாலும் வழி கண்டு நடமாடுகிறது. ஆனால் இந்த இழப்புகளில் ஒரு பகுதியாவது தவிர்க்கக்கூடியது. பீளை இரண்டாம் முறை திரும்பி வந்தபோதே மண்டையோட்டு எக்ஸ்ரே எடுத்திருந்தால், பல்வேர் கண்குழிக்குள் சீழ் சேர்க்கும் முன்பே தெரிந்திருக்கும். மூன்றாவது சொட்டு மருந்தை எழுதும் முன் அந்தப் படத்தைக் கேட்பதை, முயல்களைப் பார்க்கும் மருத்துவமனைகள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.