பெல்ட் முடியும் இடம்: நெய்வேலியில் மின்சாரமும் லாரியும்

மின்சார லாரி வரப்போகிறது என்கிறார்கள். புகை இருக்காது, இரைச்சல் இருக்காது, டிரைவரின் காலடியில் எஞ்சின் கொதிக்காது. செய்திகளின் தொனியைப் பார்த்தால் டன் கணக்கான சரக்கை மின்சாரத்தால் நகர்த்துவது நேற்றைக்குத்தான் மனித மூளையில் உதித்த யோசனை போலிருக்கிறது. நெய்வேலிக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே அறுபது ஆண்டுக்கும் மேலாக மண்ணும் கரியும் மின்சாரத்தில்தான் நகர்கின்றன. அப்படி நகர்ந்த ஊரிலேயே லாரி எங்கிருந்து தொடங்கியது, ஏன் அங்கிருந்து தொடங்கியது என்று கேட்காமல், லாரியின் அடியில் டீசல் தொட்டி இருக்கிறதா பேட்டரி இருக்கிறதா என்பதை மட்டும் வரலாற்றுத் திருப்பமாகக் கொண்டாடுவது சரியாகப் படவில்லை.

1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருப்பாக ஏதோ வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரிப்படுகை கண்ணில் பட்டது. 1962இல் சோவியத் உதவியுடன் கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. சுரங்கத்துக்குள்ளேயோ மேற்கு ஜெர்மானிய எந்திரங்கள். பனிப்போரின் இரண்டு முகாம்களும் ஒரே குழிக்கு மேலும் கீழும் நின்றன என்பது தனிக்கட்டுரைக்கான விஷயம்.

நமக்கு இங்கே முக்கியம் அந்த ஜெர்மன் எந்திரம். சக்கரத்தைச் சுற்றி வாளிகள் பொருத்திய அகழ்வு எந்திரம். ஒரு வாளியில் 1400 லிட்டர் கொள்ளும் ராட்சதங்கள் வரை பின்னால் வந்தன. அது மேல்மண்ணை வெட்டி நேராகப் பெல்ட்டில் கொட்டும். பெல்ட் அடுத்த பெல்ட்டுக்குக் கொடுக்கும். கடைசியில் பரப்பு எந்திரம் குழியின் மறுபுறம் மண்ணை அடுக்கும். கரியும் அப்படியே பெல்ட் வழியாக மின்நிலையத்துக்குப் போகும். எல்லாம் கேபிளில் வரும் மின்சாரம். கரியை எரித்து மின்சாரம். அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு திரும்பவும் கரியை வெட்ட. கடலூர் மணற்பாறை அவ்வளவு எளிதில் மசியவில்லை. வாளிப் பற்கள் தேய்ந்தன; வெடிவைத்துத் தளர்த்திய பிறகே சக்கரம் சுழல முடிந்தது. ஆனாலும் அடிப்படை வடிவம் மாறவில்லை. வடக்கே நிலக்கரி வயல்களில் ஷாவலும் டம்பரும் டீசலைக் குடித்துக்கொண்டு ஏறி இறங்கிய காலத்தில், நெய்வேலிக் குழியின் பிரதான நகர்வு சக்கரமில்லாத, டிரைவரில்லாத நகர்வாக இருந்தது.

பெல்ட் ஆபத்தில்லாதது என்று சொல்ல வரவில்லை. உருளைக்கும் பெல்ட்டுக்கும் இடையில் கை போகும், தீப்பிடிக்கும், இரவு ஷிப்டில் கண் அசரும். ஆனால் பெல்ட்டில் நடக்கும் விபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இருந்தது. தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்குத் தகவல் போக வேண்டும், அதிகாரி வருவார், எந்திரம் ஏன் நிற்கவில்லை, பாதுகாப்புக் கம்பி ஏன் இல்லை என்று நிர்வாகத்தைப் பார்த்துக் கேள்வி எழும். அதே கரி சுரங்க வாயிலைத் தாண்டி லாரியில் ஏறிவிட்டால் இந்தக் கேள்விகள் எல்லாம் ஆவியாகிவிடும். வடலூர் சாலையில் நடக்கும் மரணம் காவல் நிலையத்துக்குப் போகிறது. அங்கே குற்றவாளி ஏற்கனவே தீர்மானமாகிவிட்டவர்: டிரைவர். எத்தனை மணி நேரமாக அவர் தூங்கவில்லை, எவ்வளவு லோடு ஏற்றச் சொன்னார்கள், யாருடைய கரி, யாருடைய அவசரம் என்பதற்கெல்லாம் முதல் தகவல் அறிக்கையில் கட்டம் கிடையாது.

ஆக, லாரி என்பது வாகனம் மட்டுமல்ல. நிறுவனத்தின் பொறுப்பை வாயிலுக்கு வெளியே இறக்கி வைக்கும் ஒரு சட்டக் கருவியும்கூட. பெல்ட்டை ஒப்பந்தக்காரர் பெயரில் எழுதி ஊருக்கு வெளியே அனுப்ப முடியாது. அது குழியோடு கட்டப்பட்டது. லாரியை முடியும். ஆர்ச் கேட்டுக்கு உள்ளே மரம் வைத்து எண்ணிட்ட வட்டங்கள், பள்ளிக்கூடம், மருத்துவமனை. வெளியே மந்தாரக்குப்பத்துப் புழுதியும் தார்ப்பாய் போர்த்திய வரிசையும். நவீனத்துவம் தன் கழிவைக் கொட்டும் இடம் எப்போதும் கேட்டுக்கு வெளியேதான் என்பது நாம் அறியாததல்ல.

டிமதி மிட்சல் ‘கார்பன் டெமாக்ரசி’ என்ற நூலில் (2011) ஒரு வாதத்தை வைக்கிறார். நிலக்கரி குறுகலான சில வழிகளில் ஓடியது: சுரங்கம், ரயில், துறைமுகம். அந்த வழிகளில் நின்ற தொழிலாளர்கள் கையை எடுத்தால் நாடே நிற்கும். ஐரோப்பாவில் வெகுமக்கள் அரசியலுக்குக் கிடைத்த உரிமைகளுக்குப் பின்னால் இந்தப் பிடி இருந்தது. எண்ணெயின் குழாய்கள் அந்தப் பிடியைத் தளர்த்தின. நெய்வேலிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்றாலும், பெல்ட் தந்த பிடியை நாம் பார்த்திருக்கிறோம். 2006இல் பங்கு விற்பனைப் பேச்சு எழுந்தபோது தமிழக அரசியல் முழுவதும் அதிர்ந்து மத்திய அரசு பின்வாங்கியது. 2013 ஜூலையில் மீண்டும் வேலைநிறுத்தம். கடைசியில் விற்க வந்த 3.56 விழுக்காட்டுப் பங்கைத் தமிழக அரசு நிறுவனங்களே வாங்கிக்கொள்ளும் முடிவுக்கு வரவேண்டியதாயிற்று. பெல்ட் நின்றால் தென்னிந்தியா இருண்டுவிடும் என்ற பயம்தான் பேச்சுவார்த்தை மேசையைப் போட்டது.

இந்தப் பிடி நிரந்தரத் தொழிலாளியோடு முடிந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதே பெல்ட்டின் கீழே சிந்திய கரியை வாரிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் 2010இல் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தும் நிரந்தரம் கிடைக்கவில்லை. 2014 மார்ச்சில் இரண்டாம் சுரங்க வாயிலில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியை மத்தியப் படைக் காவலர் சுட்டுக் கொன்றார். 2020 ஜூலை முதல் தேதி இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலன் வெடித்தபோது ஆறு பேர் அன்றைக்கே இறந்தார்கள், மருத்துவமனையில் மேலும் பலர். ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை, நிரந்தரம் எத்தனை என்று பிணத்திலும் பிரித்து எண்ணவேண்டிய நிலைமை. இருந்தாலும் கொதிகலன் வெடித்தால் குழு அமைக்கப்படும், தலைப்புச் செய்தி வரும். சாலையில் ஒன்றொன்றாக உதிரும் சாவுக்கு அதுவும் இல்லை. 2022இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். இதை யாரும் தொழில் விபத்தாக எண்ணுவதில்லை. ஸ்டியரிங் பிடித்திருந்தவருக்கு அது தொழிற்கூடம் என்பதே நம் நினைவுக்கு வருவதில்லை.

கரி கண்ணில் பட்ட அதே 1961இல்தான் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூர ஓட்டத்தில் 10 வரை போகலாம். ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு. தாளில் எல்லாம் அழகு. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது இருக்கும் நிறுவனத்துக்கே அது செல்லும். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவரிடம் ஓட்டும் டிரைவர் அன்றைக்கே அதற்கு வெளியில். இந்தியாவின் லாரித் தொழில் பெரும்பாலும் இப்படிச் சில்லறை உடைமைகளால் ஆனது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன? இப்போது அந்தச் சட்டமும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு சுரங்கச் சட்டத்தையும் இதையும் சேர்த்து விழுங்கிவிட்டது. விழுங்கும்போது ஐந்து என்பது பத்தாகிவிட்டது. சுரங்கத்துக்கு இந்த எண்ணிக்கை வரம்பு கிடையாது, லாரிக்கு உண்டு. கேட்டுக்கு உள்ளே, வெளியே என்ற பழைய கோடு ஒரே சட்டத்துக்குள் இன்னும் கெட்டியாக வரையப்பட்டிருக்கிறது.

இடையில் நடந்த சில காரியங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2018 ஜூலையில் அச்சுக்கு ஏற்றும் பாரத்தின் வரம்பு உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தேசிய அனுமதி லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. பாரம் கூடியது, ஆள் குறைந்தது. சாம்பல் விஷயம் இன்னும் வேடிக்கை. அனல்மின் நிலையச் சாம்பலை முழுவதும் பயன்படுத்தியாக வேண்டும் என்று 1999இலிருந்து அறிவிக்கைகள். 2021 டிசம்பர் 31 அறிவிக்கை அதை அபராதத்தோடு கெட்டிப்படுத்தியது. சூழலுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. குளத்தில் கரைந்து கிடந்த சாம்பல் சிமெண்ட் ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் போகவேண்டுமென்றால் பல்கர் லாரியில்தான் போகவேண்டும். சுற்றுச்சூழல் விதியும் தன் பங்குக்கு லாரியைப் பெருக்கியது. அந்த லாரிகள் ஓடுவது ஆண்டுக்கணக்கில் விரிவாக்கம் முடியாமல் கிடந்த விக்கிரவாண்டி–தஞ்சாவூர்ச் சாலையிலும் அதன் கிளைகளிலும். இதே நிறுவனம் ஒடிசாவில் தாலாபிராவில் 2020இல் திறந்த நிலக்கரிச் சுரங்கத்தில் நெய்வேலி வடிவம் இல்லை. வெட்டுவதே இன்னொரு தனியார் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில். பெல்ட் பொதுத்துறையின் இளமைக்கால வடிவம், டம்பரும் லாரியும் அதன் முதுமைக்கால வடிவம் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் முழுப் பொய்யல்ல.

இந்த இடத்தில்தான் மின்சார லாரி வந்து நிற்கிறது. 2024இல் அறிவித்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் கீழ் 2025 ஜூலையில் லாரிகளுக்கான விதிமுறைகள் வெளியாயின. சுமார் 5,600 லாரிகளுக்கு மானியம். ஒன்றுக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய். பழைய டீசல் லாரியை உடைத்த சான்றிதழ் காட்ட வேண்டும். எஃகு, சிமெண்ட், துறைமுகம் என்று துறைகள் முன்னால் வைக்கப்பட்டன. மின்சார லாரியின் விலையோ டீசல் லாரியைப்போல இரண்டு மூன்று மடங்கு. மானியம் போக மிச்சத்தை யார் போடுவது? ஒற்றை லாரிக்காரர் தன் வண்டியை உடைத்துச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வங்கி வாசலில் நிற்கலாம். வாங்கப்போவது பெரிய போக்குவரத்துக் கம்பெனி. ‘வண்டி ஓடினாத்தான் காசு’ என்று சொந்த வண்டியில் ஓடியவர் இனி அடுத்தவர் வண்டியில் அதே வசனத்தைச் சொல்வார். பெரிய கம்பெனி என்றால் பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள், சட்டம் பொருந்தும், நல்லதுதானே என்று ஒரு நண்பர் வாதாடினார். டிரைவரை யார் பெயரில் காட்டுவார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம் செருகுவதை நெய்வேலி யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை.

டிரைவரின் உடம்புக்கு மின்சார வண்டி மேலானது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கியர் மாற்றி மாற்றித் தேயும் முழங்கால், காதில் நிற்காத உறுமல், மூக்கில் ஏறும் புகை எல்லாம் குறையும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம் என்பதும் நல்லதே. என் பிரச்சினை வேறு. அது காத்திருப்பு பற்றியது.

போக்குவரத்துத் தொழில் விற்பது இடமாற்றத்தை, அது உற்பத்தியாகும் கணத்திலேயே நுகரப்படுகிறது என்று ‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் சொல்கிறார். வண்டி நின்றால் விற்க எதுவும் இல்லை. ட்ரிப்புக்கு இவ்வளவு, அதன் மேல் பேட்டா என்று கூலி வாங்கும் டிரைவருக்கு இது தத்துவம் அல்ல, மதியச் சோறு. கரி ஏற்ற வரிசையில் நின்ற நேரம், எடைமேடையில் நின்ற நேரம், சாம்பல் இறக்கும் இடத்தில் நின்ற நேரம் எல்லாம் அவருடைய சொந்தக் கணக்கு. இழந்த நேரத்தை அவர் எங்கே மீட்பார்? சாலையில், வேகத்தில், தூக்கத்தில். விபத்தின் காரணங்களைத் தேடுகிறவர்கள் வண்டி ஓடிய நேரத்தை மட்டும் ஆராய்கிறார்கள். நின்ற நேரத்தையும் ஆராய வேண்டும். பெல்ட் பழுதாகி ஒரு ஷிப்ட் முழுவதும் நின்றாலும் பெல்ட் அருகில் இருந்த நிரந்தரத் தொழிலாளிக்குச் சம்பளம் உண்டு. இரண்டும் நகர்த்தும் எந்திரங்கள்தான். ஒன்று நிற்கும்போது நிர்வாகத்தின் நேரம் வீணாகிறது. மற்றது நிற்கும்போது டிரைவரின் நேரம்.

1961 சட்டம் வேலை நேரம் என்றால் என்ன என்று வரையறுத்த விதத்தைப் படித்தால் இது புரியும். ஓட்டும் நேரம் சேரும், துணை வேலைகள் சேரும், முனையத்தில் வெறுமனே காத்திருப்பது பதினைந்து நிமிடத்துக்குக் குறைவானால் சேரும். அதற்கு மேற்பட்ட காத்திருப்பு அந்தப் பட்டியலில் இல்லை. முதலாளியின் கட்டளைக்கு உட்பட்டிருந்த நேரம் என்ற பொது வரையறையைக் காட்டி வழக்காடலாம்தான். வழக்காட ஒரு சங்கமும் சம்பளச் சீட்டும் இருக்கவேண்டும். புதிய தொகுப்பிலும் அந்தப் பதினைந்து நிமிடம் அப்படியே ஏறியிருக்கிறது.

பேட்டரி லாரிக்குச் சார்ஜ் ஏற்றப் பதினைந்து நிமிடம் போதாது. விரைவுச் சார்ஜரிலும் ஒரு மணி நேரம் அளவுக்குப் போகும். முன்னால் இரண்டு வண்டி நின்றால் அதுவும் சேரும். அந்த ஒரு மணி நேரம் ஓய்வா, வேலையா? ஓய்வு என்றால் படுக்க இடம் எங்கே, வண்டியை யார் பார்ப்பது, வரிசை நகர்ந்தால் யார் எடுப்பது? வேலை என்றால் கூலி யார் தருவது? மானிய விதிமுறை பேட்டரிக்கு ஐந்தாண்டு அல்லது ஐந்து லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் கேட்கிறது. பேட்டரியின் ஆயுளுக்கு உத்தரவாதம் கேட்ட அரசு, அதை ஏற்றிக்கொண்டு போகிறவரின் தூக்கத்துக்கு ஒரு வரி எழுதவில்லை.

2024 ஜனவரி முதல் இரண்டு நாட்களில் வடக்கிலும் மேற்கிலும் லாரி டிரைவர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். விபத்து நடத்தித் தகவல் சொல்லாமல் போனால் பத்தாண்டுச் சிறை என்ற புதிய நியாயச் சட்டத்தின் 106(2) பிரிவுக்கு எதிராக. பல நகரங்களில் பெட்ரோல் பங்குகள் காலியாயின. அரசு இறங்கி வந்து பேசியது. 2024 ஜூலையில் அந்தச் சட்டம் அமலானபோது அந்த உட்பிரிவு மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டது. சிதறிக் கிடந்தவர்கள் தங்களுக்கும் ஒரு பிடி இருக்கிறது என்று காட்டிய இரண்டு நாட்கள் அவை. அவர்கள் கேட்டது சிறைக்குப் போகாமலிருக்கும் உரிமையை. வேலை நேரத்தைக் கேட்கும் கட்டம் இன்னும் வரவில்லை. சார்ஜர் வைக்கும் இடங்களில்தான் இனி டிரைவர்கள் கும்பலாக நிற்பார்கள். டீசல் பங்கில் யாரும் ஒரு மணி நேரம் நின்றதில்லை.

அந்தச் சார்ஜரில் வரும் மின்சாரம் நெய்வேலியில் இன்றைக்கும் பெரும்பாலும் பழுப்புக் கரியின் மின்சாரமே. 2023 ஜூலையில் பரவனாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் கதிர் முற்றாத நெல்லின் மேல் எந்திரம் இறங்கியதும் அந்தக் கரிக்காகவே. முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டது. ஜெர்மனி 2038க்குள் நிலக்கரியை முடிக்கச் சட்டம் போட்டு, சுரங்கப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியிருக்கிறது. நமக்கு அப்படி ஒரு சட்டமே இல்லை. என்றைக்காவது வந்தால் அதன் பயனாளிகள் பட்டியல் பெல்ட்டோடு முடியுமா, மந்தாரக்குப்பத்து வரிசை வரைக்கும் நீளுமா என்று இப்போதே கேட்டு வைக்கலாம்.