சிவனொளிபாதமலை வழித் தின்பண்டங்கள்

இலங்கையின் மத்திய மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு அப்பாலுள்ள நல்லதண்ணியிலிருந்து, சிவபெருமானின் திருவடி பதிந்ததாகச் சைவர் நம்புவதும், பௌத்தர் ஸ்ரீபாதமென்றும் முஸ்லிம்கள் பாவா ஆதம் மலையென்றும் போற்றுவதுமாகிய 2,243 மீற்றர் உயரச் சிகரத்துக்கு ஏறும் யாத்திரிகர்கள், மடியிலும் பையிலும் முடிந்துகொண்டு போய் நடந்தவாறே உண்ணும் இனிப்புப் பண்டங்கள் இவை. எள்ளுருண்டை, கித்துள் கருப்பட்டி, அக்கலா, தொதல், பொரிவிளங்காய் உருண்டை ஆகியன இவற்றுள் பிரதானமானவை. டிசம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியோடு முடியும் யாத்திரைப் பருவமே இவற்றின் பருவமுமாகும்.

இம்மலையேறுவோரின் பசி பூர்வகாலந்தொட்டே அரசர்களின் கவனத்துக்கு வந்திருக்கிறது. முதலாம் விஜயபாகு (1055–1110) யாத்திரிகர்கள் வழியில் படும் கிலேசத்தைக் கண்டு இரங்கி, அவர்களுக்கு அன்னமளிக்கும் பொருட்டு இரத்தினபுரிப் பக்கத்துக் கிலிமலைக் கிராமத்தை மானியமாக விட்டதைச் சூளவம்சம் கூறுகிறது. அவனது அம்பகமுவக் கல்வெட்டும் இம்மலைக்கு அவன் செய்த தர்மங்களைப் பேசுகிறது. 1344ஆம் ஆண்டில் இங்கு வந்த பயணி இப்னு பதூதாவுக்கு யாழ்ப்பாண மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் துணையும் கொடுத்தனுப்பியபோது, நான்கு யோகியர், மூன்று பிராமணர், பரிவாரத்தார் பதின்மர் ஆகியோருடன், உணவுப் பொதி சுமப்பதற்கென்றே பதினைந்து பேரைச் சேர்த்தனுப்பினான் என்பதை நோக்க, அந்தக் கூட்டத்தில் ஏறக்குறையப் பாதிப்பேர் சாப்பாட்டின் நிமித்தமே நடந்தவர்கள் என்பது விளங்கும். பிற்காலத்தில் ஹட்டனுக்கு இருப்புப்பாதையும், தேயிலைத் தோட்டங்களினூடே தெருவும் வந்து, பலநாள் நடை ஓரிரவு ஏற்றமாகச் சுருங்கவே, சோற்றுப்பானை அடிவாரத்தில் நின்றுவிட, மடியில் அடங்கும் உருண்டை மாத்திரம் மேலே போயிற்று.

ருசியைக் கொண்டு இவற்றைப் பாகுபடுத்துவது பயனற்றது, எல்லாம் இனிப்பே. வாயில் அவை நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டு கடிபடுவன, மெல்லுவன, உதிர்வன, கரைவன என நால்வகையாகப் பிரிப்பதே உசிதம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது வாயால் சுவாசிக்கிறோம். உமிழ்நீர் வற்றி நாக்கு உலர்கிறது. ஆகவே வீட்டுத் திண்ணையில் சுவைத்த பதார்த்தமே ஆயிரம் படி ஏறியபின் வேறொன்றாகிவிடுகிறது.

கடிபடுவனவற்றுள் தலையாயது பொரிவிளங்காய் உருண்டை. வறுத்த பயறும் அரிசியும் இடித்த மாவில் சுக்கும் ஏலமும் சேர்த்து, முற்றிய வெல்லப்பாகில் பிடிப்பது. வாரக்கணக்கில் கெடாதாயினும், கல்லில் தட்டி உடைத்து ஒரு துண்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளவேண்டிய வன்மை அதற்குண்டு. பல் தளர்ந்த முதியோருக்கு அது ஆகாது.

உதிர்வனவாகிய அக்கலாவும் சமபோஷ எனும் தானிய மாவில் பிடித்த உருண்டையும் உலர்ந்த வாயில் மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும் தோஷமுடையன. எனினும் அக்கலாவில் மிளகு சேர்க்கும் வழக்கம், காரத்தால் உமிழ்நீரை வரவழைத்து அத்தோஷத்தை ஓரளவு போக்குகிறது. முன்னோரின் இந்தச் சூட்சுமம் வியக்கத்தக்கது. கரைவனவற்றுக்கு உதாரணம், கூந்தற்பனை எனப்படும் கித்துள் மரத்தின் பதநீரைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி உறையவைத்த கருப்பட்டி. அதன் புகைமணத்தை அறியவேண்டுமாயின், படியோரக் கடையில் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு சுடச்சுடப் பிளேன்டி குடிக்கவேண்டும். மூடுபனியின் ஈரத்தை இழுத்துக் கசிவது அதன் குறை.

மெல்லுவனவற்றுள் தொதல் பல்லில் பற்றி நேரத்தை விழுங்குவது. எள்ளுருண்டையோ இந்த நால்வகையிலும் சிரேஷ்டமானது. பொன்னிறமாக வறுத்த எள்ளைக் கருப்பட்டியோடு உரலிலிட்டு இடிக்க இடிக்க, தன் எடையில் ஏறக்குறையப் பாதியாக உள்ள எண்ணெயை எள் கசியவிடுகிறது. பாகு காய்ச்சாமலே அந்த எண்ணெயே உருண்டையைப் பிடித்து நிறுத்துகிறது. வெண்ணிற எண்ணெய்த்தாளில் சுற்றி இருபுறமும் முறுக்கிய பொட்டலத்தைப் பிரித்தால், தாளில் எண்ணெய்த் தடம் தெரியும். அந்நெய்ப்பே உலர்ந்த நாக்கில் பூசிக்கொண்டு பண்டத்தைத் தொண்டைக்குள் இறக்குகிறது. கருப்பட்டி உடனே பலந்தர, எள்ளின் கொழுப்பு விடியும்வரை தாங்குகிறது.

மேல்நாட்டாரின் மலையேற்றக் கட்டிகளும் இதே பிரச்சினைக்குத் தேடிய விடைகளே. 1953இல் எவரெஸ்ட் ஏறியோர் கொண்டுபோன கெண்டல் புதினாக் கட்டி வெறும் சீனியும் புதினாச் சத்துமாதலால் வாயில் கரையுமேயன்றி வயிற்றில் நில்லாது; 1986இல் அமெரிக்காவில் தோன்றிய பவர்பார் முதலியவை குளிரில் தோல்போல் விறைத்துப் பல்லைச் சோதிப்பன; சொக்லேட் பூசியவையோ, கொக்கோ வெண்ணெய் 34 பாகையளவில் உருகுவதால், கொழும்பிலிருந்து வரும் பேருந்துச் சூட்டிலேயே இளகி, சிகரக் குளிரில் திரும்ப இறுகி, மேலே வெண்மை படர்ந்துவிடும். எள்ளுருண்டைக்கு இந்த இடர்கள் இல்லை.

இப்பொழுது நல்லதண்ணிக் கடைகளில் பிஸ்கட், சொக்லேட், கடலைக்கட்டி முதலியனவும் விற்கப்படுகின்றன.