வாளப்பளமும் கால்டுவெல்லும்

'வாளப்பளம்' என்று வாசித்ததற்காகப் பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கியவன் நான். தாமிரபரணிக் கரையில் வாழை போடுகிற எங்க ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். வாழையும் வாளை மீனும் காதுக்கு ஒண்ணுதான். சந்தையில் யாரும் குழம்பியதில்லை. பொருளைப் பிரித்துக்காட்டும் ஒலியைத்தான் ஒலியன் என்கிறோம். எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒரே ஒலியன். நாக்கின் ஊனமல்ல இது.

அங்கே எழுத்து இரண்டு, ஒலி ஒன்று. ககரத்தில் நேர்மாறு: கடல், தங்கம், பகல் மூன்றிலும் எழுத்து ஒன்று, ஒலி மூன்று. இதற்கு யாரும் அடிப்பதில்லை!

சொல்முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, இடையில் தனித்து வந்தால் மெலிந்த ஒலி: இந்த ஒழுங்கை 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் விதியாக எழுதியவர் கால்டுவெல். 1841 முதல் அவர் இருந்தது இடையன்குடித் தேரிக்காட்டில், பனையேறிகளின் பேச்சுக்கு நடுவே. அதே மனிதர்தான் 1849இல் அந்தப் பனையேறிகளைத் தாழ்த்தி ஒரு நூல் எழுதினார். பின்னாளில் நாடார்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். பேச்சில் ஒழுங்கைக் கேட்ட காது, பேசியவர்களை அப்படிக் கேட்கவில்லை.

பிரம்பு பிடித்த வாத்தியாரும் வீட்டில் 'பளம்' என்றுதான் சொல்லுவார். திண்ணையிலிருந்து நானே கேட்டிருக்கிறேன்.