சில்வர் லேக்கின் வாத்துக் குடும்பங்கள்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ரோச்செஸ்டர் நகரத்தின் நடுவே சில்வர் லேக் என்ற ஏரி இருக்கிறது. 1930களில் சம்ப்ரோ ஆற்றை அணைகட்டி மறித்து உண்டாக்கியது. 1962 ஜனவரியில் ஹரால்ட் ஹேன்சன் என்ற பறவை ஆய்வாளர் சிலரோடு இங்கே வந்து, குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த கனடா வாத்துகளைப் பிடித்து எடைபோட்டார். கடுங்காற்று. மைனஸ் 18 டிகிரியை ஒட்டிய குளிர். தராசு காட்டிய எடையை அவர்களால் நம்ப முடியவில்லை. தராசுதான் பழுது என்று எண்ணி, மளிகைக் கடைக்குப் போய் சர்க்கரைப் பையையும் மாவுப் பையையும் வைத்துச் சரிபார்த்தார்கள். தராசு சரியாகவே இருந்தது. பூண்டோடு அழிந்துவிட்டதாக நூல்களில் எழுதப்பட்டிருந்த ராட்சதக் கனடா வாத்து, ஊர்ச் சனம் நடமாடும் பூங்காவில் உயிரோடு இருந்தது.

இந்த நகரத்து மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலை பார்க்கிறேன். பிறந்தது நாங்குநேரிப் பக்கம். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளைக் கூந்தன்குளத்தில் பார்த்து வளர்ந்தவள். அதனால் இங்கே வந்த முதல் குளிர்காலத்திலேயே என் கால்கள் ஏரிக்கரையைத் தேடிப் போயின. கரையில் நின்று பார்க்கப் பார்க்க, இந்தப் பறவைகளின் கதை அவற்றின் குடும்பத்தின் கதைதான் என்பது எனக்குத் தெளிவானது. அந்தக் குடும்பப் பாசத்தை மனிதர் எப்படியெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

கனடா வாத்து இரண்டு மூன்று வயதில் ஜோடி சேரும். ஜோடியில் ஒன்று சாகும்வரை பெரும்பாலும் பிரிவதில்லை. தாய் நான்கு வாரம் அடைகாக்கும். தகப்பன் பக்கத்திலேயே காவல் நிற்கும். பொரித்த ஓரிரு நாளில் குஞ்சுகள் தாயின் பின்னால் தண்ணீருக்கு இறங்கிவிடும். பெரும்பாலான பறவைகளின் குஞ்சுகள் இறகு முளைத்ததும் தம் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும். இவை போவதில்லை. இலையுதிர்காலப் பயணத்திலும், குளிர்காலம் முழுவதிலும், அடுத்த வசந்தம்வரை பெற்றோருடனேயே இருக்கும். எந்த ஆற்றின்மேல் பறப்பது, எந்த வயலில் இறங்குவது, எந்த ஏரி உறையாமல் இருக்கும் என்பதெல்லாம் பெற்றோரோடு ஒரு தடவை பறந்து கற்றுக்கொள்ளும் பாடங்கள். கற்றுக்கொடுக்க ஆளில்லாத குஞ்சு வளர்ந்த இடத்திலேயே தங்கிவிடும்.

இந்தப் பாசத்தை முதலில் நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் வேட்டைக்காரர்கள். கிழக்கு மாசசூசெட்ஸின் குளக்கரைகளில் இருந்த வேட்டை மறைவிடங்களைப் பற்றி ஜான் சி. பிலிப்ஸ் 1929இல் தனி நூலே எழுதியிருக்கிறார். தழைகளால் மூடிய வேலிக்குப் பின்னால் துப்பாக்கிகளோடு ஆட்கள் காத்திருப்பார்கள். எதிரே மணலில் பழக்கிய வாத்துகளை, காட்டுப் பறவைகளை ஈர்க்கும் பார்வைப் பறவைகளாகக் கட்டிவைத்திருப்பார்கள். ஜோடியைப் பிரித்து ஆணை ஓரிடத்திலும் பெண்ணைச் சற்றுத் தள்ளியும் கட்டினால் இரண்டும் ஓயாமல் ஒன்றையொன்று கூப்பிடும். அவற்றின் குஞ்சுகளைப் பின்னால் மேட்டில் கூண்டில் அடைத்திருப்பார்கள். வானத்தில் காட்டு வாத்துக் கூட்டம் தெரிந்ததும் கூண்டைத் திறப்பார்கள். இளம் பறவைகள் மேலெழும்பி வட்டமிட்டு, கட்டுண்டு கூவும் தாய் தகப்பனிடம் நேராக வந்து இறங்கும். அதைப் பார்த்துக் காட்டுப் பறவைகளும் கூடவே இறங்கும். அடுத்தது துப்பாக்கிச் சத்தம்தான். தாயைத் தேடி வந்த பிள்ளையையே மற்றக் குடும்பங்களுக்குப் பொறியாக்கிய அந்தத் தந்திரத்தைப் படித்தபோது என்னால் புத்தகத்தைத் தொடர்ந்து புரட்ட முடியவில்லை.

1916இல் அமெரிக்காவும் கனடாவின் சார்பில் பிரிட்டனும் வலசைப் பறவைகளைக் காக்க உடன்படிக்கை செய்தன. 1918இல் அதற்கு அமெரிக்காவில் சட்டம் வந்தது. உயிருள்ள பார்வைப் பறவைகளுக்கோ 1935இல்தான் தடை விழுந்தது. தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்த கூட்டங்கள் பல அப்போது அவிழ்த்துவிடப்பட்டன. அவற்றுக்குச் சிறகு இருந்தது, வழி தெரியாது. வடக்கே போகும் தடத்தைச் சொல்லித்தர அவற்றின் குடும்பங்களில் எந்த மூத்ததும் மிஞ்சியிருக்கவில்லை. வருஷம் முழுவதும் ஓரிடத்திலேயே தங்கும் வாத்துகளின் வம்சத்தில் ஒரு பகுதி இப்படித்தான் தொடங்கியது. பின்னாளில் மாநில அரசுகள் வளர்த்துவிட்ட கூட்டங்களும் அதோடு சேர்ந்துகொண்டன. பூங்காவில் நின்று, இந்த வாத்துகளுக்குச் சோம்பல் பிடித்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவற்றின் பாதையை அறுத்தவர்கள் நாம்.

ரோச்செஸ்டரின் கதை வேறு. மேயோ மருத்துவமனையை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் சார்லஸ் மேயோ 1920களிலேயே தம் தோட்டத்தில் கனடா வாத்துகளை வளர்த்தார். 1947இல், சிகிச்சை பெற்ற ஒருவர் நன்றிக்காகக் கொடுத்த பன்னிரண்டு பெரிய வாத்துகளைச் சில்வர் லேக்கில் விட்டார்கள். சீக்கிரமே ஏரிக்கரையில் நகராட்சியின் மின்நிலையம் எழுந்தது. எந்திரங்களைக் குளிர்வித்த வெந்நீர் ஏரியில் கலந்ததால், ஊரெல்லாம் உறைந்து கிடக்கும் ஜனவரியிலும் ஏரியின் நடுவே தண்ணீர் திறந்தே இருந்தது. கனடாவின் மானிட்டோபாவிலிருந்து தெற்கே போய்க்கொண்டிருந்த கூட்டங்கள் கீழே தம் இனம் மிதப்பதைக் கண்டு இறங்கின. சுற்றிலும் அறுவடை முடிந்த சோள வயல்கள். ஏரியில் துப்பாக்கிக்கு இடமில்லை. அப்படி வந்த குஞ்சுகள் வளர்ந்து ஜோடி சேர்ந்தபின் தம் குஞ்சுகளைக் கூட்டிவந்தன. பன்னிரண்டு பறவைகள் இருந்த நீரில் பல்லாயிரம் பறவைகள் சேர்ந்தது இப்படித்தான்.

அந்தக் குளிரை அவை எப்படித் தாங்குகின்றன? உடம்பு தரும் உதவி நிறைய உண்டு. மேலிறகுக்குக் கீழே அடர்ந்த மென்தூவி இருக்கிறது. காலுக்கு இறங்கும் சூடான ரத்தம், பாதத்திலிருந்து ஏறிவரும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. அதனால் பனிக்கட்டியில் நின்றாலும் உடம்புச் சூடு கால் வழியாக ஒழுகிப் போவதில்லை. மிகக் கடுமையான நாட்களில் இரை தேடிப் பறப்பதைக்கூட நிறுத்திவிட்டு, காலை வயிற்றுக்கடியில் மடக்கி, அலகை முதுகிறகில் செருகி அப்படியே கிடக்கும். சிகாகோவில் நடந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குளிர் முற்றும்போது வாத்துகள் கட்டட மொட்டைமாடிகளுக்கும் ரயில் யார்டுகளுக்கும் ஒதுங்குவதைக் காட்டியது. நகரத்துக்குள் தங்கியவை உயிர்பிழைத்தன. தெற்கே போனவற்றில் பல வேட்டைக்கு இரையாயின.

ஆனால் உடம்பு மட்டும் போதாது. தீனி குறைந்த காலத்தில் நல்ல இடம் யாருக்கு என்பதைக் குடும்பம் தீர்மானிக்கிறது. ராட்சத வாத்தைக் கண்டுபிடித்த அதே ஹேன்சன் 1953இலேயே இதை எழுதினார்: பெரிய குடும்பத்துக்குச் சிறிய குடும்பம் வழிவிடும், குஞ்சுகளோடு இருப்பதற்குக் குஞ்சில்லாத ஜோடி வழிவிடும், தனிப்பறவை எல்லோருக்கும் வழிவிடும். இதை நான் கரையில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். தகப்பன் கழுத்தை நீட்டி அயல் வாத்தை விரட்டிவிட்டுத் திரும்பும். தாயும் பிள்ளைகளும் அதைச் சூழ்ந்து தலையைத் தாழ்த்தி ஒன்றாக முழங்கும். காவலுக்கு ஒன்று தலை தூக்கி நிற்பதால் மற்றவை நிம்மதியாக மேயும். பிப்ரவரியில் தனியாக நிற்கும் வாத்தை என்னால் கவலையில்லாமல் பார்க்க முடிவதில்லை.

2010களில் மின்நிலையம் ஓய்ந்தது. ஏரி இப்போது உறைகிறது. பழைய பெருங்கூட்டம் இல்லை. எச்சமும் தண்ணீர் மாசும் நகரத்துக்கு உண்மையான தொல்லைகள்தான். அதை நான் மறுக்கவில்லை. நியூயார்க்கில் 2009 ஜனவரியில் வாத்துகள் மோதி ஒரு விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. அதில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். மோதியவை வடக்கிலிருந்து வலசை வந்தவை என்பதை இறகுச் சோதனை காட்டியது. அப்படியிருந்தும் 2010 ஜூலையில் அங்கே புரூக்ளினின் பிராஸ்பெக்ட் பூங்காவில் தங்கியிருந்த ஏறத்தாழ 400 வாத்துகளைப் பிடித்துக் கொன்றார்கள். அது இறகுதிர் காலம். குஞ்சுகளுக்கும் பறக்க இயலாது, பெற்றோருக்கும் இயலாது. குடும்பம் குடும்பமாக வளைத்துப் பிடிப்பது சுலபம்.

இங்கே சில்வர் லேக்கில் கரையோரப் புல்லை உயரமாக வளரவிட்டார்கள். உயர்ந்த புல்லுக்குள் நரி ஒளிந்திருக்கலாம் என்று அஞ்சி, பறக்கத் தெரியாத குஞ்சுகளைத் தாய் அதற்குள் கூட்டிப்போகாது. குடும்பங்கள் தாமாகவே வேறு கரையைத் தேடிக்கொள்ளும். பிள்ளையின்மேல் வாத்துக்குள்ள அக்கறையை மாசசூசெட்ஸ் வேட்டைக்காரர்களும் அறிந்திருந்தார்கள். அந்த அறிவால் கொன்றார்கள். அதே அறிவைக் கொண்டு, கொல்லாமலே இடத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதற்கு இந்தப் புல்வரப்பு சாட்சி. வாத்துகளோடு வாழும் ஒவ்வொரு நகரமும் கூண்டு வண்டியை அனுப்புவதற்கு முன்னால் இந்த வழியைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.